ஒன்பது பேருக்காகப் படித்தவள்

உலகில் அறிவைப் போல் சீக்கிரம் கெட்டுப்போவது வேறெதுவும் இல்லை. அதிலும் செவிலியரின் அறிவு, பறித்து மூன்று நாளான கீரையைவிட வேகமாக வாடுவது. ஆகவே அதை அன்றாடம் புதுப்பிக்காதவர் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் தகுதியையே இழக்கிறார் என்று நர்சிங் கண்காணிப்பாளர் மேடம் பிரகடனம் செய்தபோது, அறையில் இருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் விழித்திருந்தார்கள்.

அந்த ஒன்பது பேரிலும் எட்டுப் பேர் டீ எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தைப் பார்த்தபடி இருந்தது ஒருத்திதான். ஆண்கள் மருத்துவ வார்டில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் அவள் இன்னும் பழசாகவில்லை. கையில் இருந்த நோட்டில் 'கீரை' என்று குறித்துக்கொண்டாள்.

"கீரைன்னா ஃபிரிட்ஜ்ல வெச்சா ஆச்சு. இதுக்கு எதுக்கு கூட்டம்?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து முணுமுணுத்தார் ஊசி பிரதர். ஆண் செவிலியரைப் பிரதர் என்று அழைப்பது அங்கே வழக்கம். எந்தக் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் இவர் ஊசி பிரதர். அந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டவர்.

மேடம் அறிவித்த திட்டத்துக்கு 'என்றும் பசுமை அறிவுத் திட்டம்' என்று பெயர். கணினியில் ஆறு பாடங்கள். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடப் படம். அதை முன்னே தள்ளி ஓட்ட முடியாது. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி எழுந்து, 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால்தான் படம் நகரும். முடிவில் ஐம்பது கேள்விகள். எண்பது விழுக்காடு எடுத்தால் பச்சைக் கரை போட்ட சான்றிதழ். எல்லாரும் தேறிய வார்டுக்கு மேடம் கையால் பசுமைக் கேடயம். கடைசி நாள் மாதம் முப்பதாம் தேதி, மாலை ஐந்து மணி.

மூத்தவர்களுக்கு இது கேடயம் பற்றிய விஷயம். புதுசுக்கு அப்படியல்ல. பயிற்சிக் காலத்தில் இருப்பவர்கள் சட்டையில் குத்தும் அட்டையில் மஞ்சள் பட்டை இருக்கும். மஞ்சள் பட்டைக்காரி ஒரு மாத்திரை கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பாடமும் முடித்தால் அடுத்த மாதம் பட்டை நீலமாகும், வேலை நிரந்தரமாகும். முடிக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் மஞ்சள். வீட்டில் அவளுடைய அம்மா இந்தத் தகவலைப் பாதி கேட்ட உடனேயே சித்திக்குப் போன் போட்டு, பெண் நிரந்தரமாகிவிட்டாள் என்று சொல்லி முடித்திருந்தாள்.

கூட்டம் முடிந்த மறுநாள் மத்தியானம், பெரியக்கா அவளைப் பஞ்சும் துணியும் அடுக்கிவைக்கும் சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். பெரியக்கா என்பது வார்டின் தலைமைச் செவிலியர். இருபத்தாறு வருடச் சேவை. வார்டின் ஒரே கணினி அந்த அறையில்தான், கட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே இருந்தது.

"ஏன் புதுசு, உனக்கு கம்ப்யூட்டர் நல்லா வரும்ல?"

"சுமாரா வரும்க்கா."

"சுமாரு போதும். எங்களுக்கு அதுவும் வராது." ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். அதில் வார்டின் ஒன்பது மூத்தவர்களின் பணி எண்ணும் கடவுச்சொல்லும் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. "மத்தியானம் பார்வையாளர் வர்ற ஒன்றரை மணி நேரம் சும்மாதானே இருக்கு. உன் கட்டில்களை நாங்க பாத்துக்கறோம். நீ இங்க உக்காந்து எங்களுதை முடிச்சுடு."

"பாடத்த நீங்க பாக்க வேண்டாமாக்கா?"

"இருபத்தாறு வருஷமா நேர்லயே பாக்குறேன். படம் போட்டு வேற காட்டணுமா எனக்கு?"

புதுசு சீட்டை வாங்கிக்கொண்டாள். அவள் போடும் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் கையெழுத்திட வேண்டிய கைகள் அந்த ஒன்பது பேருடையவை. வாங்காமல் என்ன செய்வது?

விருப்ப மதிப்பெண்களும் வந்தன. "எனக்கு ரொம்ப போட்டுடாத தாயே, யாராவது சந்தேகம் கேட்டு வந்து நிப்பாங்க. எண்பத்திரெண்டு போதும்," என்றார் ஊசி பிரதர். பெரியக்கா யோசித்துவிட்டு, "எனக்கு தொண்ணூத்தெட்டு போடு. நூறு வேணாம். நூறுன்னா பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்," என்றாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. ஐம்பது கேள்வியில் சரியாக ஒன்பதை மட்டும் தப்பாக எழுத வேண்டுமானால், ஐம்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். முன்னே தள்ள முடியாத படத்தை ஒன்பது முறை பார்த்தவளுக்கு அது தெரிந்துபோனது. படுக்கைப்புண் வராமல் நோயாளியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, நெஞ்சை எத்தனை விரல்கடை ஆழம் அழுத்துவது, ஏற்றிய ரத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் எதை நிறுத்துவது எல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் என்கிற அளவுக்கு ஏறிவிட்டன.

தூக்கத்தில் எழுப்பவும் செய்தார்கள். ஒரு மாலை வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் அவள் அசந்துபோனபோது, அம்மா "ஏய், இருக்கியாடி?" என்று அதட்டினாள். புதுசு கண்ணைத் திறக்காமலே சுட்டுவிரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவளுடைய அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "பஸ்ல இருக்கிற அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழிச்சிட்ட. உனக்கு?"

"கண்டக்டருக்கு எதுக்குப்பா டிக்கெட்?"

"நீ கண்டக்டர்னு யாரு சொன்னா? செக்கிங் ஏறினா, டிக்கெட் இல்லாத ஆளு நீ ஒருத்திதான்."

"என்னுது கடைசி நாள் வெச்சிருக்கேன்பா. மூணு மணி நேரம் போதும். எல்லாம் மனப்பாடம்."

"கடைசி ஸ்டாப்புல ஏறிக்கலாம்னு நிக்கிறவனை நான் நிறைய பாத்திருக்கேன்," என்றார் அப்பா. "பஸ் நிக்காது."

"வாயக் கழுவுங்க. சித்திகிட்ட சொல்லியாச்சு," என்றாள் அம்மா.

ஆறு பாடங்களில் ஐந்து அவள் கல்லூரியில் படித்ததைத்தான் திரும்பச் சொன்னன. ஆறாவது, மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் உணவுக்குழாய் பற்றியது, அவள் படித்ததையே தப்பு என்றது. குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் கொஞ்சம் காற்றைத் தள்ளி, வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 'புஸ்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது எல்லாரும் அறிந்த முறை. அவள் கல்லூரியிலும் அதைத்தான் செய்து காட்டினார்கள். அது நம்பத்தக்கது அல்ல என்றது பாடம். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம். குழாயிலிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி, அமிலம் பார்க்கும் காகிதப் பட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும்; அமிலம் காட்டவில்லையென்றால் எக்ஸ்ரே; அதுவரை ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது.

கல்லூரியை விட்டு ஒரு வருடம்கூட ஆகாத தன் அறிவு அதற்குள் வாடிவிட்டதே என்று முதல் முறை பார்த்தபோது புதுசுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது கீரை உவமை நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் முறைக்கு எதுவும் தோன்றவில்லை.

திட்டத்தோடு சேர்த்து அந்தக் காகிதப் பட்டைகளில் ஒரு பெட்டியை மேடம் ஒவ்வொரு வார்டுக்கும் அனுப்பியிருந்தார். கணினித் திரை உயரம் போதவில்லை என்று, பிரிக்காமலே அதைத் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

முப்பதாம் தேதி மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு, ஒன்பது பேரின் கணக்கும் முடிந்த நிம்மதியோடு, புதுசு முதல்முறையாகத் தன் பணி எண்ணை அடித்தாள். "வாங்க, உங்களை வரவேற்கிறோம்" என்று கணினி அவளைப் புது ஆளாக நடத்தியது. முதல் பாடம் ஓடத் தொடங்கியது. இருக்கிறீர்களா? ஆம். இருக்கிறீர்களா? ஆம்.

மூன்றாவது 'ஆம்' அழுத்தும்போது பதினான்காம் கட்டில் பக்கம் சத்தம் கேட்டது. அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பக்கவாதத்தால் விழுங்க முடியாதவர். நன்றாக இருந்த ஒரு கையால் தன் மூக்குக் குழாயை உருவி எறிந்திருந்தார். பெரியக்கா புதுக்குழாயை இறக்கி, காற்றைத் தள்ளி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்குது. உள்ள போயாச்சு. கஞ்சிய ஊத்து," என்றாள் ஊசி பிரதரிடம்.

"சீக்கிரம் குடுங்கம்மா. மத்தியானக் கஞ்சி இன்னும் போகல," என்றாள் தபால்காரரின் மனைவி.

புதுசு அறை வாசலில் நின்றாள். பின்னால் திரையில் அவளுடைய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரர் இருமவில்லை, ஆனால் மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே ஒடுங்கியது. அவள் உள்ளே திரும்பினாள்; கை தானாகத் திரைக்கு அடியில் போய்ப் பெட்டியை உருவியது. திரை மேசைமேல் முகம் குப்புற விழுந்தது. பின்பக்கக் கம்பி பிடுங்கிக்கொண்டது.

"அக்கா, ஒரு நிமிஷம். ஊத்தாதீங்க."

"என்னடி?"

"பட்டையில பாத்துட்டு ஊத்தலாம்க்கா."

"என்ன பட்டை? நான் காதால கேட்டேன்."

"காதால கேக்குறது இப்ப ஏத்துக்கறதில்லக்கா."

பன்னிரண்டாம் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்தார்.

"ஏத்துக்கறதில்லையா? யாருடி ஏத்துக்காதது? நீ எங்க படிச்ச இத?"

"உங்க ஆறாவது பாடத்துலதான்க்கா. நீங்க தொண்ணூத்தெட்டு வாங்கினது."

ஊசி பிரதர் திடீரென்று கஞ்சிக் கிண்ணத்தில் ஏதோ விழுந்துவிட்டது போல் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். பெரியக்கா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினாள். தன் சான்றிதழோடு தானே எப்படிச் சண்டை போடுவது?

அந்த இடைவெளியில் புதுசு சிரிஞ்சால் உறிஞ்சினாள். நுரையாகக் கொஞ்சம் வந்தது. பட்டையில் வைத்தாள். அமில நிறம் வரவில்லை. பணி மருத்துவர் வந்து பார்த்து எக்ஸ்ரே எழுதினார். வார்டுக்கே தள்ளிவரும் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகி இரண்டு மாதம்; நோயாளியைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கூட ஒரு செவிலியர் போக வேண்டும்.

"கிளப்பினது நீதானே? நீயே கூட்டிட்டுப் போ," என்றாள் பெரியக்கா.

புதுசு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை. பிறகு தபால்காரரின் கழுத்துக் குழியைப் பார்த்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

லிப்டுக்குக் கால் மணி. எக்ஸ்ரே வரிசை முக்கால் மணி. குழாய் வலப்பக்க நுரையீரலுக்குள் அழகாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தது படத்தில் தெரிந்தது. "இதுல கஞ்சி போயிருந்தா அவ்வளவுதான்," என்றார் மருத்துவர். அதை எடுத்து, வேறு குழாய் இறக்கி, பட்டையில் அமில நிறம் பார்த்து, அதையும் இன்னொரு எக்ஸ்ரேயில் உறுதிசெய்து மேலே வந்தபோது ஐந்து மணி பத்து நிமிடம். தபால்காரருக்குக் குழாய் வழியே கஞ்சி இறங்கியது. புதுசு திரையை நிமிர்த்திக் கம்பியைச் செருகினாள். 'காலக்கெடு முடிந்தது. நன்றி' என்றது கணினி.

அடுத்த வாரக் கூட்டத்தில் மேடம் மிகுந்த உணர்ச்சியோடு பேசினார். புதுப்பிக்கப்பட்ட அறிவு ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. திட்டம் தொடங்கி ஒரே மாதத்தில்! தேர்வில் மருத்துவமனையிலேயே அதிக மதிப்பெண் பெற்றவர் தலைமை ஏற்கும் வார்டில் இது நடந்தது தற்செயல் அல்ல. எல்லாரும் கைதட்டினார்கள். பெரியக்காவுக்குப் பச்சைச் சால்வை போர்த்தினார்கள். அவள் தரையைப் பார்த்தபடி நின்றதை அடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

கேடயம் மட்டும் கிடைக்கவில்லை. பத்தில் ஒருவர் தேறவில்லை.

மேடம் புதுசைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பெரியக்காவும் வந்து பின்னால் நின்றாள்.

"ஆறு பாடம். நீ முடிச்சது எத்தன?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"பூஜ்யம்! பக்கத்துலயே இப்படி ஒரு தலைமைச் செவிலியர் இருக்காங்க. இந்த வயசுலயும் உக்காந்து படிச்சு தொண்ணூத்தெட்டு வாங்குறாங்க. நீ சின்னப் பொண்ணு, அந்த ஒரு மாசம் முழுக்க என்னதாம்மா பண்ணிட்டு இருந்த?"

புதுசு வாயைத் திறந்தாள். பெரியக்கா பின்னாலிருந்து இருமினாள். உண்மையைச் சொன்னால் ஒன்பது சான்றிதழோடு தன் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஆறு மாத மஞ்சள் பட்டையோடு போகும்.

"நேரம் கிடைக்கல மேடம்."

"அறிவுக்கு நேரம் கிடைக்காது, நாமதான் ஒதுக்கணும்," என்றார் மேடம். எதிரே நோட்டு இல்லாததால் இதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மேடத்துக்கு இரக்க சுபாவம். தவறவிட்டவர்களுக்காக ஒரே ஒரு நேரடி வகுப்பு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. வகுப்பு முடிவில் பத்துக் கேள்வி. எட்டு எடுத்தால் நீலப் பட்டை. குறைந்தால் ஆறு மாதம், மறுபேச்சு கிடையாது. பாடம் உணவுக்குழாய். நடத்தப்போவது பெரியக்கா.

வெளியே வந்ததும் பெரியக்கா அவளைக் கேண்டீனுக்கு இழுத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். வார்டில் இதுவரை யாருக்கும் நடந்திராத மரியாதை அது.

"தப்பா எடுத்துக்காதடி. அந்த நேரத்துல நான் என்ன சொல்ல முடியும்?"

"பரவால்லக்கா."

"அந்த ஆள நினைச்சா இப்பவும் தூக்கம் வரல எனக்கு." டீயை ஆற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பாடத்துல என்னதான்டி இருக்கு? ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு. கேள்வி பத்தும் நீயே எழுதிடு, விடையும் சேர்த்து. எனக்கு இந்தக் கேள்வி எழுதுற வேலையெல்லாம் வராது."

"நான் எழுதுற பரிட்சைக்கு நானே கேள்வி எழுதுறதாக்கா?"

"உனக்கு நல்லதுதானே? பத்துக்குப் பத்து வந்துடும்."

புதுசு எழுதிக் கொடுத்தாள். நான்கு பக்கம் பாடம், ஒரு பக்கம் கேள்வி, கால் பக்கம் விடை. இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சித்திக்கு எதையும் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை என்று மகிழ்ந்தாள்.

ஞாயிறு அவளுக்கு இரவுப் பணி போட்டிருந்தார்கள். போட்டது பெரியக்கா இல்லை; பட்டியல் முந்தின மாதமே போட்டது. இரவு முழுவதும் நின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நான்காம் மாடி வகுப்பறைக்கு வந்தாள். மற்ற வார்டுகளிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். செய்து காட்டும் பொம்மையைத் தூக்கி வந்த ஊசி பிரதர், இறங்கிப்போனால் வேறு வேலை சொல்வார்கள் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசி வரிசையில் மேடம்.

பெரியக்கா தாளைப் பிரித்தாள். அதில் என்ன எழுதியிருந்ததோ அதை ஒரு கமா விடாமல் வாசித்தாள். பத்தாம் முறையாக அதைக் கேட்ட புதுசின் தலை மெதுவாகச் சாய்ந்தது.

"எல்லாரும் கவனிக்கிறீங்களா? இருக்கீங்களா?" என்று நடுவில் பெரியக்கா கேட்டாள்.

"இருக்கோம், இருக்கோம்," என்றார் ஊசி பிரதர், இரண்டு பேருக்குமாக.

கேள்வித்தாள் வந்தபோது அவர் அவளை முழங்கையால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை. மேடம் பின்னால் எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. தனக்காக ஆறு பாடம் படித்த பெண்ணுக்காக ஒரு தாளில் டிக் போடக்கூட மனசு வராதா என்ன? பிரதர் அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரிடம் எண்பத்திரண்டு விழுக்காட்டுச் சான்றிதழ் இருந்தது. முதல் கேள்வி, குழாய் வயிற்றில் இருப்பதை எப்படி உறுதிசெய்வீர்கள் என்றிருந்தது. 'காற்றைத் தள்ளிச் சத்தம் கேட்டு' என்ற விடைக்கு நேரே, எந்தத் தயக்கமும் இல்லாமல், ஊசி குத்தும் அதே துல்லியத்தோடு டிக் போட்டார். மற்ற ஒன்பதையும் மேடம் நெருங்குவதற்குள் முடித்துவிட்டார்.

தாள்களை மேடத்தின் கண் முன்னாலேயே பெரியக்கா திருத்தினாள். புதுசு எழுதிக் கொடுத்த விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தவறும் இல்லாமல் திருத்தினாள்.

புதுசுக்குப் பத்துக்கு நான்கு.